கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோழி: இலங்கைத் தமிழ் நண்பர்களோடு இணையத்தில் அளவளாவுவது எப்படி?

தமிழ்நாட்டில் இருப்பவருக்கும் இலங்கையில் இருப்பவருக்கும் இணையத்தில் நட்பு ஏற்படுவது இன்று அரிதான செய்தி அல்ல. வீட்டுத்தோட்டக் குழுவிலோ சமையல் குழுவிலோ ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்கிறார். அந்தப் பேச்சு தனிச்செய்திக்கு நகர்கிறது. இரண்டு வாரம் உற்சாகமாக ஓடிவிட்டுப் பிறகு நின்றுபோகிறது. அது நின்றுபோவதற்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் நாமே பெரும்பாலும் காரணமாகிறோம் என்பது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் இருக்கும் ஒரு தோழியோடு ஏழு ஆண்டுகளாகப் பேசிவரும் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. மொழி ஒன்றாக இருப்பதால் மற்ற எல்லாமே நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். அல்லது எதிரில் இருப்பவரை ஒரு வரலாற்றின் சாட்சியாக மட்டும் பார்த்து, அவர் இன்று மத்தியானம் என்ன சமைத்தார் என்று கேட்க மறந்துவிடுகிறோம். அந்தச் சின்னக் கேள்வியிலிருந்து தொடங்குவது எப்படி என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

எதிலிருந்து தொடங்குவது

நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இலங்கை 1996இல் தன் கடிகாரத்தை முன்னே நகர்த்தியிருந்தாலும், 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டது. யாழ்ப்பாணமும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், சூரியன் உதிப்பதும் மறைவதும்கூடச் சில நிமிட வித்தியாசத்திற்குள்தான். கனடாவில் இருக்கும் நண்பருக்கு எழுதும்போது செய்யும் கணக்கு எதுவும் இங்கே தேவையில்லை. நாம் மாலைத் தேநீர் குடிக்கும்போது அவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். அதைச் சொல்லியே ஒரு பேச்சைத் தொடங்கலாம்.

வானிலை இன்னும் நல்ல தொடக்கம். ஊர்ப்பேச்சில் வானிலையைக் கேட்பது வெறும் சம்பிரதாயமாக இருக்கலாம்; நாகப்பட்டினத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் அது உண்மையான அக்கறை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெய்யும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கும் பெய்கிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறி, இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்தபோது, முதல் நாள் இரவு நான் தோழியை விசாரித்தேன்; அடுத்த நாள் அவர் என்னை விசாரித்தார். அந்த இரண்டு நாளில் எங்களுக்குள் ஏற்பட்ட நெருக்கம் அதற்கு முந்தைய ஓராண்டுப் பேச்சில் ஏற்படவில்லை. வெயில் காலத்தில் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரைக் கிணற்றில் இறைத்தே தோட்டமும் வீடும் நடக்கின்றன. ஆகவே ‘உங்கள் கிணற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது?’ என்பது அங்கே நீண்ட பதிலைத் தரக்கூடிய கேள்வி.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஒரு சொல்லில் கவனம் தேவை. நம் ஊர்களில் பலருக்குக் ‘கறி’ என்றால் இறைச்சி. அங்கே சோற்றோடும் புட்டோடும் இடியப்பத்தோடும் சேர்த்துக்கொள்ளும் கத்தரிக்காயும் பருப்பும் பூசணிக்காயும்கூடக் கறிதான். விரத நாளில் ‘இரண்டு கறி வைத்தேன்’ என்று தோழி எழுதியதைப் பார்த்து நான் திகைத்ததுண்டு. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி, இடித்த சம்பல், பனங்கிழங்கைக் காயவைத்து எடுக்கும் ஒடியல் மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் கூழ் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால் செய்முறையே வந்துசேரும். திருநெல்வேலிக்காரராக இருந்தால் உங்கள் வீட்டுச் சொதியைப் பற்றிச் சொல்லி, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று பேசலாம். ஒரு மாலைப் பொழுது அதிலேயே போய்விடும்.

அவர் பேச்சில் அவரைப் பேச விடுவது

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். நம் தொலைக்காட்சித் தொடர்களையும் திரைப்படங்களையும் இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவருவதால், நம் பேச்சு அவர்களுக்கு நன்றாகவே புரியும். அவர்கள் பேச்சு நமக்கு அந்த அளவுக்குப் பழக்கமில்லை. 1970களில் தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலி ஒலித்த காலத்தில் நிலைமை சற்று வேறாக இருந்தது. ஆனால் அதிலும் நாம் கேட்டது அறிவிப்பாளர்களின் மேடைத் தமிழே தவிர, வீட்டில் பேசும் தமிழ் அல்ல. இதன் விளைவாக, நம்மோடு பேசத் தொடங்கும் இலங்கை நண்பர் நமக்குப் புரிய வேண்டுமே என்று தன் சொற்களை மாற்றிக்கொள்கிறார். ‘கதைப்பம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பேசலாம்’ என்று எழுதுகிறார். ‘கெதியா’ என்பதைச் ‘சீக்கிரம்’ ஆக்குகிறார். தினமும் இப்படித் தன்னை மொழிபெயர்த்துக்கொண்டே பேசுவது யாருக்கும் சோர்வு தரும். ‘நீங்கள் வீட்டில் பேசுவது போலவே எழுதுங்கள், புரியாததை நான் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். என் தோழியின் செய்திகள் அதற்குப் பிறகுதான் நீளமாயின.

அப்படி எழுதத் தொடங்கியதும் சில இடங்களில் நீங்கள் தடுமாறுவீர்கள். என் மல்லிகைச் செடியின் படத்துக்கு அவர் ‘அந்த மாதிரி இருக்குது’ என்று பதில் எழுதினார். நம் வழக்கில் ‘அந்த மாதிரி’ என்றால் முகம் சுளிக்க வைக்கும் பொருள் ஒன்று உண்டு. அங்கே அது மிக உயர்ந்த பாராட்டு. ‘சரியான வெயில்’ என்றால் கடுமையான வெயில். ‘நான் நேற்று வந்தனான்’ என்றால் வேறு ஒருவன் வந்ததாகப் பொருள் இல்லை. எழுதியவரே வந்தார் என்று பொருள். ‘விடிய’ என்றால் காலையில். ‘பின்னேரம்’ என்றால் மாலையில். ‘ஓம்’ என்பது ஆம். டகரத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை அங்கே ரகரத்தில் எழுதும் வழக்கம் இருப்பதால் டிக்கெட், டார்ச், டொரண்டோ ஆகியவை ‘ரிக்கெட்’, ‘ரோச்’, ‘ரொறன்ரோ’ என்று வரும். வாய்விட்டுப் படித்தால் உடனே புரிந்துவிடும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது ‘எடுப்பது’ என்ற சொல்தான். முதன்முதலாகத் தொலைபேசியில் பேச முடிவு செய்த நாளில், ‘ஒன்பது மணிக்கு எடுங்கோ’ என்று அவர் எழுதினார். அவர் அழைப்பார், நான் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் கைப்பேசியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அங்கே அழைப்பு எடுப்பது என்றால் அழைப்பது. அவரும் ஒன்பதே முக்கால் வரை காத்திருந்துவிட்டு, ‘மறந்திட்டீங்களோ?’ என்று எழுதினார்.

கதிரை (நாற்காலி), சப்பாத்து (காலணி), குசினி (சமையலறை), பாண் (ரொட்டி) போன்ற சொற்களைக் கேட்கும்போது அவற்றின் வரலாற்றையும் சேர்த்துக் கேட்டால் பேச்சு சுவைபெறும். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்தவை அவை. அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தருடையது. நாம் நாள்தோறும் சொல்லும் ஜன்னலும் சாவியும் மேசையும் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவையே என்பதை உங்கள் பங்குக்குச் சொல்லலாம்.

ஆனால் அவர் பேச்சை ஒரு காட்சிப்பொருளாக ஆக்கிவிடாதீர்கள். ‘உங்கள் தமிழ் மலையாளம் போல இருக்கிறது’, ‘எவ்வளவு சுத்தமான தமிழ்!’, ‘இன்னொரு முறை சொல்லுங்களேன், கேட்க ஆசையாக இருக்கிறது’ ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தமிழ்நாட்டு நண்பரிடமிருந்தும் அவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். குரல் பதிவு அனுப்பச் சொல்வது நல்ல வழக்கம்தான். அதைக் குடும்பக் குழுவில் பகிர்ந்து எல்லோரும் கேட்டு மகிழ்வது, அவருக்குத் தெரிந்தால் வருத்தம் தரும் செயல்.

எப்படி அழைப்பது

வயதைத் தெரிந்துகொண்டு அக்கா, அண்ணா, தம்பி, தங்கச்சி என்று அழைப்பது இரு பக்கமும் இயல்பானதே. தெரியும்வரை ‘நீங்கள்’ போதும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ என்று ஒரு படி இருக்கிறது. ஒத்த வயதுடையவர்களும் நெருங்கிய நண்பர்களும் அதைப் பயன்படுத்துவார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள் ‘நீர் இண்டைக்கு என்ன செய்தனீர்?’ என்று தோழி எழுதியபோது மரியாதை குறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். உண்மையில் நட்பு ஒரு படி நெருங்கியிருந்தது. அதேபோல் ‘பெட்டை’ என்பது அங்கே பெண்பிள்ளையைக் குறிக்கும் சாதாரணச் சொல். நம் பக்கம் கொச்சையாகத் தோன்றும். அவர் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களாக அதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டாம்.

இலங்கையில் தமிழ் பேசும் எல்லோரும் யாழ்ப்பாணத்தவர் அல்லர் என்பதையும் மனத்தில் வைத்திருங்கள். மட்டக்களப்பின் பேச்சு வேறு. வன்னியின் பேச்சு வேறு. நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பகுதிகளில் இருக்கும் மலையகத் தமிழர்களின் முன்னோர், தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அவர்களின் பேச்சு நமக்கு மிகவும் நெருக்கமாக ஒலிக்கும். அதைக் கேட்டவுடன் ‘அப்படியென்றால் நீங்கள் எங்கள் ஊர்க்காரர்தான்’ என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகளும் அவர்களைக் கேளாமலே முடிவு செய்த வரலாறு அவர்களுக்கு உண்டு. தங்கள் ஊர் மலையகம்தான் என்று பல தலைமுறைகளாக வலியுறுத்திவருகிறார்கள். கிழக்கிலும் மேற்கிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பாலும் தங்களை முஸ்லிம்கள் என்றே அடையாளப்படுத்திக்கொள்கிறார்கள்; ‘நீங்களும் தமிழர்தானே’ என்று வாதாடுவது உரையாடலை முடித்துவிடும். எந்த ஊர் என்று கேட்பது சரி. ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று தோண்டிக் கேட்டால், சாதியை விசாரிப்பதாகவே அவர் உணர்வார்; நம் ஊரிலும் அப்படித்தானே.

நாமாகத் தொடக்கூடாதவை

நம் ஊரில் ஒருவர் அறிமுகமானவுடன், ‘அப்பா என்ன செய்கிறார்? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?’ என்று கேட்பது வழக்கம். நானும் முதல் வாரத்திலேயே அப்படிக் கேட்டேன். இரண்டு நாள் பதில் வரவில்லை. பிறகு, வேறு எதையோ பற்றி எழுதினார். 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வடக்கிலும் கிழக்கிலும் இழப்பில்லாத குடும்பங்கள் குறைவு. காணாமல் ஆக்கப்பட்டவர்களை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ‘எத்தனை பேர்’ என்ற சாதாரணக் கேள்விக்கு எந்த எண்ணைச் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் வீடுகள் அங்கே உண்டு. ஆகவே குடும்பத்தைப் பற்றி அவராகச் சொல்லும்வரை காத்திருங்கள். உங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தால், அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்வார். சொல்லும்போது ஆறுதல் மொழிகளை அடுக்க வேண்டாம். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். மறுநாள் வழக்கம்போல் மழையையும் சமையலையும் பற்றி விசாரியுங்கள். அவருக்கும் அதுவே வேண்டியிருக்கும்.

போரைப் பற்றிய படங்களையும் முழக்கங்களையும் அனுப்புவதும், அவர் பெயரை அவற்றில் இணைப்பதும் கூடவே கூடாது. நமக்கு அது ஓர் உணர்ச்சிவசப்பட்ட நொடி மட்டுமே. இலங்கையில் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், நினைவேந்தல் தொடர்பான சமூக ஊடகப் பதிவுகளுக்காகவே இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். நம் உணர்ச்சிக்கான விலையை அவர் கொடுக்க நேரக்கூடாது.

மீனவர் பிரச்சினையிலும் இதே நிதானம் வேண்டும். நம் செய்திகளில் நம் மீனவர்கள் கைதாவது மட்டுமே வருகிறது. பருத்தித்துறையிலும் மன்னாரிலும் இருப்பவருக்கு, இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துச் சென்ற இரவுகள் நினைவில் இருக்கும். கடலடியை அரித்துச் செல்லும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. உங்கள் நண்பர் கரையோர ஊரைச் சேர்ந்தவராக இருந்தால், வாதத்தைத் தொடங்காமல் அவர் சொல்வதைக் கேளுங்கள். கச்சத்தீவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், இரு கரையிலிருந்தும் மக்கள் கூடும் அந்தோனியார் திருவிழாவைப் பற்றிக் கேட்கலாம்.

கிரிக்கெட் பேசலாம், தாராளமாக. கண்டியில் பிறந்து டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை எடுத்த முத்தையா முரளிதரன் சென்னை அணிக்கும் விளையாடியவர் என்பதே நல்ல தொடக்கம். ஆனால் ‘இந்தியாவும் இலங்கையும் மோதினால் நீங்கள் யார் பக்கம்?’ என்று கேட்க வேண்டாம். அதற்கு வீட்டுக்கு வீடு, ஒரே வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் பதில் மாறும். சிலருக்கு அது விளையாட்டைப் பற்றிய கேள்வியாகவே தோன்றாது.

பணம் பற்றியும் ஒரு சொல். இரண்டு நாட்டிலும் ரூபாய்தான். ஆனால் நம் ஒரு ரூபாய் அவர்களுடைய மூன்று ரூபாய்க்கும் அதிகம். 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். விலையைக் கேட்டு நம் ரூபாயில் கணக்குப் போட்டு ‘இவ்வளவு மலிவா’ என்றோ ‘ஐயோ பாவம்’ என்றோ சொல்வது இரண்டுமே தவறு.

ஆண்டு முழுவதும் பேச

நாட்காட்டியைக் கைவசம் வைத்துக்கொண்டால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. ஒவ்வொரு முழுமதி நாளும் இலங்கையில் பொது விடுமுறை. அதைப் போயா என்பார்கள். அன்று நண்பர் ஓய்வாக இருக்கக்கூடும். சித்திரைப் புத்தாண்டு இரு பக்கமும் ஒன்றே. நாம் மாங்காய்ப் பச்சடியையும் வேப்பம்பூவையும் பற்றிச் சொல்ல, அவர் தலையில் வைத்துக் குளிக்கும் மருத்துநீரையும் பெரியவர்கள் கையால் தரும் பணமான கைவிசேடத்தையும் பற்றிச் சொல்வார். ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். தேர் நாளில் செய்தி அனுப்பினால் மகிழ்வார். பிள்ளைகள் இருந்தால் படிப்பைக் கேட்கலாம்: ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை, பதினோராம் தரத்தில் சாதாரண தரம், பதின்மூன்றாம் தரத்தில் உயர்தரம். உயர்தரம் எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில், நம் பிளஸ் டூ வீட்டில் போலவே, அந்த மாதங்களில் பேச்சைக் குறைத்துக்கொள்வது நல்லது.

சில வாரங்கள் செய்தி வராமல் போனால், ‘ஏன் மறந்துவிட்டீர்கள்?’ என்று குறைப்பட வேண்டாம். ‘ஒருக்கா கதைப்பமோ?’ என்று கேளுங்கள். அவர் சொல்லை நீங்கள் எடுத்து எழுதியிருப்பதை அவர் கவனிப்பார்.

பழக்கம் முதிர்ந்தபின், ‘ஒருமுறை வாங்கோவன்’ என்று ஓர் அழைப்பு நிச்சயம் வரும். அதற்குப் ‘பார்க்கலாம்’ என்று பதில் எழுதாதீர்கள். அது உபசார வார்த்தை அல்ல, வந்தால் படுக்க அறையும் சாப்பிடப் புட்டும் ஆயத்தமாக இருக்கும். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது; நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கியது. கடலில் செல்ல ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். கப்பல் ஓடும் மாதங்களை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, எந்த மாதம் வரலாம் என்று அவரிடமே கேளுங்கள். நான் கேட்டபோது, ‘மழை விட்டபிறகு தை மாதம் வாங்கோ, தோட்டம் அப்பதான் வடிவா இருக்கும்’ என்றார். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டதற்கு, அவருடைய அம்மாவுக்கு ஒரு தமிழ்நாட்டுத் தினசரி நாட்காட்டி வேண்டும் என்று பதில் வந்தது.